ரம்பப் பல்லும் ஏழு கடிகளும்

ஸ்வர்ணலதாவுக்கு மேல் வரிசையில் இரண்டு பற்கள் புதிதாக முளைத்திருந்தன. ஏதோ மூலையில் இருக்கும் பற்கள் அல்ல. நட்டநடுவில், யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், இரண்டு பெரிய பற்கள். வருமா வராதா என்று இரண்டு மாதமாக விரலால் தடவித் தடவிக் காத்திருந்தாள். ஒருவழியாக வந்துவிட்டன. கூடவே வம்பும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு, அம்மாவின் கைக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ‘ஈ’ என்று இளித்துப் பார்த்தாள். பல்லின் விளிம்பு நேராக இல்லை. ஒவ்வொரு பல்லிலும் மூன்று சின்ன மேடு, அவற்றுக்கு நடுவே இரண்டு சின்னப் பள்ளம். தச்சரின் ரம்பத்தில் ஒரு துண்டை ஒடித்து வாயில் ஒட்டிவைத்தது போல இருந்தது. நகத்தால் உரசிப் பார்த்தாள். ‘கர் கர்’ என்றது.

ஸ்வர்ணலதா கண்ணாடியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய அப்பா வீரபாகு பட்டுச் சேலை நெய்கிறவர். தறியில் இழை அறுந்தால் கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவார். முடிச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைக் குனிந்து முன்பல்லால் ‘டக்’ என்று கடித்துத் துப்புவார். இருபது வருடமாக இப்படிக் கடித்துக் கடித்து, அவருடைய முன்பல் ஒன்றில் ஒரு சின்ன வெட்டே விழுந்துவிட்டது. நூல் அளவெடுத்தது போல அதில் போய் உட்காரும்.

ஒருநாள் அந்த வெட்டைக் காட்டி அப்பா சொன்னார். “பாத்தியா? பட்டு நூலு பாக்கத்தான் மெத்துனு கீது. பல்லையே அறுத்துடும். நீ ஒருநாளும் நூலை வாயில வெக்கக் கூடாது. சரியா?”

“சரிப்பா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சத்தியம் செய்து முழுதாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. தறியில் மிஞ்சும் துண்டு நூல்களை அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அவளுக்குக் கொடுப்பார். அவள் அதில் வண்ண வண்ணமாகக் கயிறு பின்னுவாள். பின்னி முடித்ததும் நுனியை நறுக்க வேண்டும். கத்தரிக்கோல் இருப்பது அம்மாவிடம். கேட்டால் எதற்கு, ஏன், எப்போது திருப்பித் தருவாய் என்று பத்துக் கேள்வி வரும். புதுப் பல்லோ வாயிலேயே தயாராக இருந்தது. எனவே கடித்தாள். ஒவ்வொரு தடவையும் மனசு உறுத்தியதால் கணக்கு மறக்கவில்லை. மொத்தம் ஏழு தடவை.

இப்போது பல்லில் வெட்டு விழுந்துவிட்டது! பால் பல்லாக இருந்தால் விழுந்து வேறு முளைக்கும். இது விழுந்தால் மறுபடி முளைக்காது என்று பாடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

ஆனாலும் ஒரு விஷயம் அவளுக்கு இடித்தது. இருபது வருடம் கடித்த அப்பாவுக்கு ஒரே பல்லில் ஒரே ஒரு வெட்டு. ஏழே தடவை கடித்த அவளுக்கு இரண்டு பல்லில் நான்கு பள்ளமா? இது என்ன நியாயம்?

சமையலறையிலிருந்து பளபளப்பான கரண்டி ஒன்றை எடுத்துவந்தாள். அதை வாய்க்குள் பிடித்துக்கொண்டு, கைக்கண்ணாடி வழியாகப் பல்லின் பின்பக்கத்தைப் பார்த்தாள். மயக்கமே வந்துவிடும் போல இருந்தது. முன்பக்கம் பலகை போலத் தட்டையாக இருந்த பல், பின்பக்கம் குழிந்து கிடந்தது. ஈறுக்குப் பக்கத்தில் வேறு ஒரு சின்னப் புடைப்பு.

‘அடக் கடவுளே! நூல் பின்னாலும் சுரண்டிவிட்டதா? அப்படியானால் அந்தப் புடைப்பு எதற்கு?’

“காலங்காத்தால கரண்டியை வாயில வுட்டுகினு இன்னாடி பண்ற?” அம்மா உண்ணாமலை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ம்ம்ம்ம் ம்ம்மா” என்றாள் ஸ்வர்ணலதா. ‘ஒண்ணும் இல்லம்மா’ என்பதை உதட்டைத் திறக்காமல் சொன்னால் அப்படித்தான் வரும்.

மறுநாள் பள்ளியில் ரேணுகாதேவி டீச்சர் ஒரு செய்தி சொன்னார்.

“வெள்ளிக்கிழமை நம்ம ஸ்கூலுக்குப் பல் டாக்டர் வர்றாங்க. எல்லார் பல்லையும் பாப்பாங்க. அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் கூட வரணும். டாக்டர் என்ன சொல்றாங்கன்னு அவங்களும் கேக்கணும் இல்லையா?”

வகுப்பே சலசலத்தது. ஸ்வர்ணலதா மட்டும் உறைந்துபோனாள். வெள்ளிக்கிழமை அம்மா ஒரு கல்யாணத்துக்காகக் கண்ணமங்கலம் போகிறாள். அப்பாதான் வருவார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார். ‘இந்தப் பொண்ணு நூல் கடிச்சிருக்கா’ என்பார். அப்பா அவளைப் பார்ப்பார். அப்பா திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ‘சத்தியமா சொன்னியேம்மா’ என்று கேட்டால் என்ன செய்வது?

அன்றிலிருந்து அவள் வாயைத் திறப்பதே இல்லை. சிரிப்பு வந்தால் குனிந்துகொண்டாள். பாடம் வாசிக்கச் சொன்னால் உதட்டை இறுக்கிக்கொண்டே வாசித்தாள். குளவி ஒன்று பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்டது போலச் சத்தம் வந்தது.

பக்கத்தில் உட்காரும் தீனாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. அவன் சேத்துப்பட்டு ரோட்டில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

“இன்னா, வாயில மிட்டாய் வெச்சிகினு கீறியா? எனக்கும் ஒண்ணு குடு” என்று இளித்தான்.

அந்த இளிப்பில் ஸ்வர்ணலதா பார்த்துவிட்டாள். மூன்று மேடு, இரண்டு பள்ளம். மறு பல்லிலும் அதேதான்.

“தீனா! உன் பல்லு!”

தீனா சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் முகம் மாறிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

“யாருகிட்டயும் சொல்லாத. எங்க மாமா நிலத்துல கரும்பு போட்டிருக்காரு. உரிக்காம கடிச்சா பல்லு போயிடும்னு அப்பா சொல்லிகினே இருப்பாரு. நான் திருட்டுத்தனமா கடிச்சேன். அதான் இப்பிடி ஆயிடுச்சு.”

“கரும்பா? நூல் இல்லையா?”

“எந்த நூலு?”

ஸ்வர்ணலதா தன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஏழு கடியையும் சொன்னாள். தீனா கண்ணை விரித்துப் பார்த்தான். அவன் பட்டு நூலைக் கையால் தொட்டதுகூட இல்லை. அவளோ தோல் உரிக்காத கரும்பைக் கடித்ததே இல்லை.

அப்போது தொட்டியின் மறுபக்கத்திலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். அதே வகுப்பில் படிக்கும் கோகுல்ராஜ், தட்டில் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

“எனக்கும் இருக்குது” என்று வாயைத் திறந்து காட்டினான். மூன்று மேடு, இரண்டு பள்ளம்.

“நீ எதைக் கடிச்ச?”

“என் தம்பியை.”

தீனா ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

“என் பம்பரத்தை எடுத்துகினு ஓடினான். கையில கடிச்சிட்டேன். சாமி கண்ணைக் குத்தும்னு அம்மா சொன்னாங்க. கண்ணு நல்லாத்தான் கீது. பல்லுல குத்திடுச்சு போல.”

“உன் தம்பி கை அவ்ளோ கெட்டியா?” என்று தீனா சந்தேகத்தோடு கேட்டான்.

“கொஞ்சம் குண்டா இருப்பான்.”

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். நூல் மெல்லியது. கரும்பு தடி. தம்பி குண்டு. மூன்றும் எப்படி ஒரே மாதிரி வெட்டும்? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. தீனா கடைசியில், “எனக்குத் தலை சுத்துது, நான் போய்ச் சாப்புடுறேன்” என்று எழுந்துவிட்டான்.

அடுத்த இரண்டு நாளும் ஸ்வர்ணலதா ஊரில் இருக்கிற வாயை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கொட்டாவி விட்டபோது பார்த்தாள். விளிம்பு நேராக இருந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டபோது பார்த்தாள். நேராக இருந்தது. கீரைக்காரர் கூவி விற்றபோது பார்த்தாள். அவருக்குப் பல்லே இல்லை. பெரியவர்கள் யாருக்கும் ரம்பம் கிடையாது. அவர்கள் எல்லாம் சின்ன வயதில் எதையுமே கடிக்காத நல்ல பிள்ளைகளா? அவளால் நம்ப முடியவில்லை.

புதன்கிழமை மாலை அப்பா தறியில் இருந்தபடியே கூப்பிட்டார்.

“ஏம்மா, ரெண்டு நாளா பேசவே மாட்டற? யாராச்சும் திட்டினாங்களா?”

“ம்ஹும்.”

“இந்தா, மயில் கழுத்துக் கலரு. உனக்குன்னு எடுத்து வெச்சேன்.” ஒரு கொத்துத் துண்டு நூலை டப்பாவில் போட்டார்.

ஸ்வர்ணலதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு எழிலரசி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. ஒரு கையால் கீழ்த் தாடையைப் பிடித்திருந்தாள்.

“இன்னா ஆச்சு எழிலு?”

“என் வாயில முள்ளு மொளைக்குதுக்கா! பழைய பல்லு போன வாரம் வுழுந்துச்சு. இப்போ அந்த இடத்துல முள்ளு வருது. நான் முள்ளம்பன்னியா மாறப் போறேன்!”

வேறொரு நாளாக இருந்தால் ஸ்வர்ணலதா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. வாயில் வேண்டாதது ஒன்று முளைத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அழாத. இங்க பாரு, எனக்கும்தான் கீது” என்றாள். நான்கு நாளாகப் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்து, இரண்டு ரம்பப் பல்லையும் நன்றாகக் காட்டினாள்.

எழிலரசி அழுகையை நிறுத்தினாள். தொட்டுப் பார்த்தாள். “வலிக்குமாக்கா?”

“கொஞ்சம்கூட வலிக்காது. எங்க, உன்னோடதைக் காட்டு.”

எழிலரசி வாயைத் திறந்தாள். கீழ் ஈறு லேசாகப் பிளந்து, அதற்குள்ளிருந்து வெள்ளையாக மூன்று சின்ன முனைகள் எட்டிப் பார்த்தன. அரிசி நுனி அளவுதான் இருக்கும். பல் இன்னும் வெளியே வரவே இல்லை.

“இது எப்போ வந்துச்சு?”

“இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்.”

“இதால எதையாச்சும் கடிச்சியா?”

“அய்யோ, பயமா இருந்துச்சுக்கா. மத்தியானம் சோத்தைக்கூட இந்தப் பக்கமா வெச்சுத்தான் மென்னேன்.”

ஸ்வர்ணலதா அப்படியே நின்றுவிட்டாள். இந்தப் பல் நூலைப் பார்த்ததில்லை. கரும்பைப் பார்த்ததில்லை. யாருடைய தம்பியையும் கடித்ததில்லை. ஈறுக்குள்ளிருந்து வரும்போதே மூன்று மேட்டோடுதான் வருகிறது!

“எழிலு! இது முள்ளு இல்லடி, பல்லுதான்! முழுசா வந்ததும் பாரு, என்னோடது மாதிரியே இருக்கும். புதுப் பல்லு எல்லாம் இப்பிடித்தான் வருது!”

“அப்போ நான் முள்ளம்பன்னி இல்லையா?” எழிலரசியின் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

ஸ்வர்ணலதா சிரித்தாள். நான்கு நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். தீனாவுக்கும் கோகுல்ராஜுக்கும் காலையில் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். டாக்டர் அப்பாவிடம் எதையும் சொல்லப்போவதில்லை. தப்பித்துவிட்டாள்!

வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு போனாள். அலமாரியில் பிஸ்கட் டப்பா இருந்தது. மேலே மயில் கழுத்து நிற நூல். அதைப் பார்த்ததும் துள்ளல் நின்றுவிட்டது. பல்லில் வெட்டு இல்லை, சரி. ஏழு கடி கடித்தது இல்லை என்று ஆகிவிடுமா? தப்பித்த பிறகும் ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போனாள். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபம் என்று தோன்றியது.

“அப்பா, நான் நூலைக் கடிச்சேன். சத்தியம் பண்ணிட்டு கடிச்சேன். ஏழு தடவை.”

வண்டி மெதுவாக ஓரம்கட்டி நின்றது. அப்பா திரும்பினார்.

“ஏழா?”

“ஏழுதான்பா.”

“எண்ணி வெச்சிகினு இருந்தியா?”

அவள் தலையை ஆட்டினாள். பல்லில் வெட்டு விழுந்ததாக நினைத்தது, தீனாவின் கரும்பு, கோகுல்ராஜின் தம்பி, எழிலரசியின் முள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அப்பா குழம்பிப்போய்ப் பார்த்தார்.

“இரு இரு. தம்பியை யாரு கடிச்சா? சரி, அதை வுடு. பல்லுல வெட்டு இல்லைன்னு நேத்தே தெரிஞ்சுபோச்சு. டாக்டரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஏம்மா எங்கிட்ட சொன்ன?”

“தெரியலப்பா. டப்பாவைப் பாத்தா ஒரு மாதிரியா இருந்துச்சு.”

அப்பா அவள் தலையை ஒரு தடவை தடவினார். வண்டியைக் கிளப்பினார். அவ்வளவுதான். ஸ்வர்ணலதாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

பள்ளியில் டாக்டர் அமலா ஒரு நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்வர்ணலதா வாயைத் திறந்தாள்.

“நல்லா இருக்கே பல்லு! சுத்தமா வெச்சிருக்கே” என்றார் டாக்டர்.

“இந்த மேடு மூணும் பல்லு மொளைக்கும்போதே வர்றதுதானே டாக்டர்?”

டாக்டர் ஆச்சரியமாக நிமிர்ந்தார். “ஆமா! யாரு சொன்னது? ஈறுக்கு உள்ள முன்பல்லு தனித்தனிப் பகுதியா உருவாகி ஒண்ணா சேருது. முன்பக்கத்துப் பகுதி மூணோட நுனிதான் இந்த மேடு மூணும். பின்னால நாக்குல தடவிப் பாத்தா ஒரு புடைப்பு இருக்கும். அது நாலாவது பகுதி. நடுவுல இருக்கற குழிவும் முன்பல்லோட வடிவம்தான்.”

கரண்டியில் தெரிந்த குழிக்கும் புடைப்புக்கும் பதில் கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“பெரியவங்களுக்கு ஏன் மேடு இல்லை? தேஞ்சுபோச்சா?”

“அதேதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசி உரசி, சில வருஷத்துல தானா சமமாயிடும். நீ டாக்டருக்குப் படிக்கலாம் போல.”

இதைக் கேட்டு அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. டாக்டரின் நெற்றி விளக்கு அப்படியே அவர் பக்கம் திரும்பியது.

“நீங்க நெசவா?”

“ஆமாங்க.”

“நூலைப் பல்லால கடிக்கறீங்களா?”

அப்பாவின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

“ம்ம்ம்” என்றார்.

“இந்த வெட்டு தானா சமமாகாதுங்க. இப்படியே கடிச்சிகினு இருந்தா இன்னும் ஆழமாகும், ஒருநாள் பல்லே ஒடஞ்சிடும். இன்னியோட நிறுத்தணும், சரியா?”

“சரிங்க டாக்டர்” என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வரிசையில் நின்ற தீனாவும் கோகுல்ராஜும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று மாலை ஸ்வர்ணலதா மயில் கழுத்து நிற நூலில் ஒரு கயிறு பின்னினாள். நுனியை அம்மாவின் கத்தரிக்கோலால் நறுக்கினாள். கல்யாணத்திலிருந்து திரும்பிய அம்மாவிடம் பத்துக் கேள்விக்கும் பதில் சொல்லித்தான் அதை வாங்கினாள். பின்னிய கயிற்றில் ஒரு நகவெட்டியைக் கோத்து, தறியில் அப்பாவின் கைக்கு எட்டும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

“இனிமே இதாலதான் நுனி வெட்டணும். சத்தியமா?”

“சத்தியமா” என்றார் அப்பா.

சனிக்கிழமை முழுவதும் அவள் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கயிறு பின்னினாள். இருபது வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? இழை அறுந்தது. அப்பா முடிச்சுப் போட்டார். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அப்பா அசடு வழிந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு ‘டக்’. ஸ்வர்ணலதா திட்டவில்லை. விரலை மட்டும் மடக்கிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் அப்பா ஓரக்கண்ணால் பார்த்தார். “எத்தினி ஆச்சு?”

“ஏழு.”

அப்பா திடுக்கிட்டார். “இப்போ நம்ம ரெண்டு பேரும் சரிக்குச் சமம் ஆயிட்டமா?”

“ஆயிட்டோம்பா. ஏழு வரைக்கும் வுடலாம்.”

அந்த நேரம் பார்த்து இன்னொரு இழை அறுந்தது. அப்பா முடிச்சுப் போட்டார். தலை தானாகக் குனிந்தது, வாய் பாதி திறந்தது. ஸ்வர்ணலதா எட்டாவது விரலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தாள்.

அப்பாவின் கை மெல்ல நீண்டு, மயில் கழுத்துக் கயிற்றைப் பிடித்தது.

‘கிளிக்.’